நாலு மணித் தண்ணி

மணி ரெண்டு அம்பத்தஞ்சு. நாலு மணிக்குத் தண்ணி திறக்கணும். எந்தத் தெருவுக்குத் திறக்கலாம், எந்தத் தெருவுக்கு வேண்டாம்னு மூணே முக்காலுக்குள்ள கமிஷனர் சாருக்கு நான் சொல்லியாகணும். சொல்லிட்டா என் வேலை முடிஞ்சுது. ஆட்டோவில மைக் கட்டி அந்தத் தெருவுக்கெல்லாம் அனுப்பிருவாங்க, லாரித் தண்ணி போயிரும், நான் வண்டிய எடுத்துக்கிட்டு வீட்டைப் பாக்கப் போயிரலாம். பட்டியல் கூட ரெடிதான். நாலே நாலு தெரு. பட்டறைத் தெரு, தெப்பக்குளத் தெரு, பள்ளிவாசல் சந்து, மேட்டுத் தெரு. காலையிலேருந்து மூணு தடவை ஓட்டிப் பாத்துட்டேன், மூணு தடவையும் அதே நாலு தெருதான் ஸ்கிரீன்ல செவப்பா வருது, மத்த ஊரெல்லாம் நீலம். அப்புறம் என்னடி அரசி, அனுப்ப வேண்டியதுதானே? போனை எடு, நாலு பேரைச் சொல்லு, வை. கை ஏன் இப்படி ஜில்லுன்னு கிடக்கு. இந்த ரூம்ல ஏசி செத்து ஒரு வருஷமாச்சு, முதுகுல வேர்வை வழியுது, கை மட்டும் ஐஸ் மாதிரி. ஐஸ். அந்த வார்த்தையை நினைக்காதேன்னு மத்தியானத்துலேருந்து எனக்கு நானே சொல்லிக்கிட்டிருக்கேன், எங்கேருந்தாவது வந்துருது. பாத்ரூம் போகணும் போல இருக்கு, இப்பத்தான் போயிட்டு வந்தேன். மங்கையர்க்கரசி, உதவிப் பொறியாளர், குடிநீர்ப் பிரிவு, வயசு நாப்பத்தாறு, பரீட்சை ஹால்ல உக்காந்திருக்கிற பொண்ணாட்டம் முழிச்சுக்கிட்டிருக்கா. வெளிய சொன்னா சிரிப்பாங்க.

இந்த ரூமுக்குள்ள வர்றவங்க எல்லாரும் முதல்ல கேக்கறது ஒண்ணுதான், இது என்னங்க மேடம், வீடியோ கேமா? ஆமாங்க கேம்தான்னு சொல்லலாம்னு வாய் வரைக்கும் வரும். ஊர்ல மண்ணுக்கடியில புதைச்சு வச்சிருக்கிற குழாய் அத்தனையும் இதுக்குள்ள கோடு கோடா இருக்கு. நாலு மேல்நிலைத் தொட்டி, நூத்தி அறுபது வால்வு, ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் ஒரு புள்ளி. தொட்டியில எவ்வளவு தண்ணி, எந்த வால்வு எத்தனை மணிக்குத் திறக்குதுன்னு குடுத்துட்டா, தண்ணி எந்தக் குழாய்ல எந்தப் பக்கம் ஓடும்னு இது கணக்குப் போட்டுச் சொல்லும். ஒரு இடத்துல சாக்கடை கலந்துருச்சுன்னு வச்சா, அந்த அழுக்கு எத்தனை மணிக்கு எந்த வீட்டுக் குழாய்க்குப் போய்ச் சேரும்னும் சொல்லும். தோண்டிப் பாக்க வேண்டியதில்ல, ஊரு மொத்தத்துக்கும் தண்ணிய நிறுத்த வேண்டியதில்ல, செவப்பு வர்ற தெருவை மட்டும் நிறுத்தினாப் போதும். ரெண்டு வருஷம் வெயில்ல அலைஞ்சு, பழைய கான்ட்ராக்டர் வீட்டுப் பரண்ல கிடந்த வரைபடத்தையெல்லாம் கெஞ்சி வாங்கி, நானே ஒவ்வொரு கோடா போட்டது. மேலேருந்து பெரிய அதிகாரிங்க வந்தப்போ கமிஷனர் சார் என்னை இதே நாற்காலியில உக்கார வச்சு ஓட்டிக் காமிக்கச் சொன்னாரு. செவப்பு மெதுவா நகர்ந்து போறதைப் பாத்துக் கைதட்டினாங்க. எனக்கு அன்னிக்கு மூணு நாளைக்குத் தூக்கமே வரல, சந்தோஷத்துல. அந்தப் புத்தி கெட்ட சந்தோஷத்தை இப்ப நினைச்சா வாந்தி வருது. வாந்தின்னும் சொல்லாதே. ஆஸ்பத்திரியில அதான் நடந்துக்கிட்டிருக்கு, இருபத்தாறு பேரு, அதுல பதினொண்ணு குழந்தைங்க, வாந்தியும் பேதியும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் விட்ட தண்ணி. எங்க ஊருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் சப்ளை. புதன்கிழமை மத்தியானத்துலேருந்து ஆளுங்க படுக்க ஆரம்பிச்சாங்க. இன்னிக்கு வியாழன், மறுபடியும் நாலு மணி முறை.

இருபத்தாறுல இருபத்தஞ்சு பேரு என்னோட நாலு தெருக்காரங்க. பாத்தீங்களா மேடம், உங்க கம்ப்யூட்டர் எவ்வளவு கரெக்டுன்னு கமிஷனர் சார் காலையில சொன்னாரு. எஞ்சின ஒண்ணு சுண்ணாம்புக்காரத் தெரு. அது எங்க தெரு. நாலு தெருவுக்கும் அதுக்கும் நடுவுல முக்கால் கிலோமீட்டர். தன்ஷிகா. எங்க எதிர்வீட்டுல அயர்ன் வண்டி வச்சிருக்கிற வீரபாகுவோட மக, அஞ்சு வயசு. ஆஸ்பத்திரிப் பட்டியல்ல அந்தப் பேருக்கு நேரா யாரோ பென்சில்ல 'வெளியில் உண்டது'ன்னு எழுதியிருக்காங்க. யாரோவா? என்ன யாரோ. நான் சொன்னதைத்தான் எழுதியிருக்காங்க. காலையில எட்டரைக்கு வண்டிய ஸ்டார்ட் பண்றேன், அவ அம்மா செங்கமலம் அந்தப் புள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு ஆட்டோவுக்கு நிக்கறா. புள்ளை கண்ணு உள்ள போயிருச்சு, கையும் காலும் துணி மாதிரி தொங்குது. "அக்கா, தண்ணியா இருக்குமாக்கா?" ன்னு கேட்டா. என்னைத்தான் கேட்டா. தெருவுல வேற யாரைக் கேப்பா, தண்ணி ஆபீஸ்காரி நான்தானே. நான் ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டே, "சேச்சே, நம்ம தெருவுக்கெல்லாம் வராது. வெளிய ஏதும் வாங்கிக் குடுத்தியா?" ன்னேன். அவ மூஞ்சி அப்படியே சுருங்கிப்போச்சு. "பள்ளிக்கூட வாசல்ல ஐஸ் கேட்டு அழுதாக்கா. வாங்கிக் குடுத்துட்டேன்." அதைத்தான் டாக்டர்கிட்டயும் சொல்லியிருப்பா, இப்ப அந்தக் கட்டில் பக்கத்துல உக்காந்துக்கிட்டு தன்னைத்தானே திட்டிக்கிட்டிருப்பா. வீட்டுல எட்டு மாசத்துல ஒரு கைக்குழந்தை வேற, பையன். அவனை வீரபாகு பாத்துக்கிட்டிருக்கணும். ஐஸ்தான்னா அந்தப் பையனுக்கு ஒண்ணுமில்ல. தண்ணின்னா? தண்ணின்னா எங்க தெருவுக்கு நாலு மணிக்குத் திறந்ததும் அவனும் அதைத்தான் குடிப்பான். எட்டு மாசக் குழந்தை ஒருநாள் பேதியைத் தாங்காது. அது எனக்குத் தெரியும், எந்தக் கம்ப்யூட்டரும் சொல்ல வேண்டியதில்ல.

போன் அடிக்குது. ஐயோ, கமிஷனரா? இல்ல, சந்தியாகு அண்ணன். வால்வு திறக்கிறவரு, இருபத்தெட்டு வருஷமா இதே வேலை, எந்த வால்வு எத்தனை சுத்துன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவாரு. "மேடம், சுண்ணாம்புக்காரத் தெரு லைனை நாலுக்குத் திறந்துரலாம்ல?" "ஆமாண்ணே. நாலு தெரு தவிர மத்ததெல்லாம் திறக்கறதுதான். எதுக்கும் மூணே முக்காலுக்குச் சொல்றேன்." "சரிங்க மேடம்." வைக்கல. மூச்சு விடற சத்தம் கேக்குது. "என்னண்ணே?" "ஒண்ணுமில்ல மேடம். உங்க கம்ப்யூட்டர்ல மோட்டாரெல்லாம் இருக்கா?" நான் மவுஸைத் தள்ளி வச்சேன். அவரே தொடர்ந்தாரு. "இல்ல, நான் வால்வு திறந்த ரெண்டாவது நிமிஷம் தெரு பூரா உய்ய்ங்குன்னு ஒரு சத்தம் கிளம்பும் பாருங்க, என் கையில இருக்கிற சாவியே அதிரும். அந்தச் சத்தம் கம்ப்யூட்டருக்குக் கேக்குமான்னு கேட்டேன்." "அண்ணே, வேலையப் பாருங்க," ன்னு சொல்லி வச்சுட்டேன். எரிச்சலா வந்துச்சு. இவரு யாரு என்னைக் கேக்க? பத்தாவது ஃபெயிலு, இவரு எனக்குப் பாடம் நடத்தறாரு. அந்த எரிச்சல் ஒரு நிமிஷம் கூட நிக்கல, கீழ இறங்கிப் போயிருச்சு, அது இருந்த இடத்துல பயம் வந்து சம்மணம் போட்டு உக்காந்துருச்சு. அவரு கேட்டதுதான் காலையிலேருந்து நான் கேக்காம இருக்கறது.

மோட்டார் இல்ல. கம்ப்யூட்டர்ல ஒரு மோட்டார் கூட இல்ல, ஏன்னா ஊர்லயே ஒரு மோட்டார் கூட இல்ல. எழுத்துல அப்படித்தான். குழாய்ல நேரா மோட்டாரைப் போட்டுத் தண்ணிய உறிஞ்சறது குத்தம், இணைப்பைத் துண்டிச்சிரலாம், எல்லாருக்கும் தெரியும். எல்லார் வீட்டுலயும் இருக்கும். ஒருத்தன் போட்டா பக்கத்து வீட்டுக்கு வராது, அவனும் போடுவான், அப்புறம் அடுத்தவன். மார்ச் மாசம் மோட்டார் பறிமுதல் முகாம். சுண்ணாம்புக்காரத் தெருவுக்குப் பொறுப்பு அதிகாரி யாரு? நான்தான். முதல் நாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல, இதே நாற்காலியில உக்காந்து, தயிர்சாதத்தைத் தின்னுக்கிட்டே தெரு வாட்ஸப் குரூப்புல போட்டேன். நாளைக் காலை பத்து மணி, மோட்டார் பிடிக்க வர்றாங்க, கழட்டி உள்ள வச்சிருங்க. முப்பத்தொரு கட்டைவிரல் வந்துச்சு, அதுல ஒண்ணு எங்க வீட்டுக்காரர் போட்டது. ஒருத்தர் கும்பிடற கை வேற போட்டாரு. மறுநாள் நானே ரெண்டு பியூனைக் கூட்டிக்கிட்டு வீடு வீடாப் போய், கட்டிலுக்கடியில சேலை போட்டு மூடி வச்சிருக்கிற மோட்டாரையெல்லாம் பாத்தும் பாக்காத மாதிரி, படிவத்துல எழுதினேன். மோட்டார் எண்ணிக்கை, பூஜ்யம். கையெழுத்து, தேதி, முத்திரை. எங்க வீட்டு மோட்டாரையும் எங்க வீட்டுக்காரர் கழட்டி அரிசி டின்னுக்குப் பின்னால வச்சிருந்தாரு, அன்னிக்குச் சாயங்காலமே மறுபடி மாட்டிட்டாரு. அரை குதிரை சக்தி, பச்சைக் கலர். யாரு பண்ணல? ஊரு பூரா அப்படித்தான் பண்ணுச்சு, எல்லா வார்டுலயும் பூஜ்யம்தான் வந்துச்சு, அந்தப் பூஜ்யத்தை வச்சுத்தான் இந்த மாடலை ஓட்டினேன். அறிவு கெட்டவளே, ஓட்டும்போது தெரியலையா உனக்கு? தெரிஞ்சுது. தெரிஞ்சேதான் ஓட்டினேன். எழுத்துல இல்லாததை நான் எப்படிச் சேக்கறதுன்னு ஒரு வக்கீல் மாதிரி எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

பயிற்சி வகுப்புல ஒரு ஆளு சொன்னாரு, சொட்டைத் தலை, மீசையை மட்டும் கறுப்படிச்சிருப்பாரு, குழாய்க்குள்ள அழுத்தம் இருக்கிற வரைக்கும் தண்ணி ஓட்டையில வெளியதான் போகும், உள்ள எதுவும் வராது. ஆனா எல்லாரும் சேந்து உறிஞ்சினா அழுத்தம் பூஜ்யத்துக்குக் கீழ போயிரும், அப்ப அதே ஓட்டை வழியா வெளிய என்ன இருக்கோ அது உள்ள வரும். வெளிய என்ன இருக்கு? எங்க தெரு முக்குல குழாய் சாக்கடைக்குள்ளேயே முங்கித்தான் போகுது, சின்னப் பாலத்துக்கு அடியில. அந்த ஜாயிண்ட் கசியுதுன்னு போன வருஷமே எழுதிப் போட்டேன், சந்தியாகு அண்ணன் சைக்கிள் டியூபைக் கிழிச்சுச் சுத்திட்டு வந்தாரு. அவ்வளவுதான் ரிப்பேர். நாம நினைச்சுக்கிட்டிருக்கிற கசிவு தெப்பக்குளத் தெருவுல இருக்கு. மாடலும் அங்கதான் கசிவுன்னு வச்சுத்தான் ஓடிச்சு. ஆனா கசிவு அங்க இல்லேன்னா? சாக்கடை எங்க தெரு முக்குல உள்ள வந்திருந்தா? வேண்டாம், வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே. இருபத்தஞ்சு பேரு எப்படி அந்த நாலு தெருவுல படுத்தாங்க அப்போ? போகும், போகும், பாலத்துக்கு அந்தப் பக்கம் இறக்கம், அங்கேருந்து லைன் சுத்திக்கிட்டுப் போய் பட்டறைத் தெருவுல சேருது. நான் போட்ட கோடுதானே, எனக்குத் தெரியாதா. மணி மூணு பத்து.

போட்டுப் பாத்துருவோம். பாக்கறதுல என்ன, யாருக்கும் காட்டப் போறதில்ல. முப்பத்தொரு வீட்டுப் புள்ளியிலயும் முப்பத்தொரு மோட்டார். எந்தெந்த வீடுன்னு வாட்ஸப்பைத் திறந்து கட்டைவிரலைப் பாத்துப் பாத்துப் போடறேன். மத்த தெருவுக்குக் குத்துமதிப்பா பத்துக்கு எட்டு வீடு. கசிவைத் தெப்பக்குளத் தெருவுலேருந்து எடுத்து பாலத்துக்கடியில வச்சேன். செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு வால்வு திறக்குதுன்னு குடுத்து ஓட்டு. ஓடுது. பதினோரு நிமிஷம் ஆகும்ங்குது. அட எழவே, காலையில ஏழு நிமிஷம்தானே ஆச்சு, மோட்டார் சேத்ததுல கணக்கு கூடிருச்சு. பதினோரு நிமிஷம் நான் எங்க பாக்கறது? சுவத்துல போன வருஷக் காலண்டர். தெரிஞ்சா மெமோ வரும். மெமோ இல்ல, சஸ்பெண்ஷன். பொய்ச் சான்று குடுத்ததுக்கு என்ன சட்டம்னு எனக்கே தெரியும், அடுத்த வருஷம் வர வேண்டிய பதவி உயர்வு போச்சு, பேப்பர்ல போடுவாங்க, போட்டோவோட, அதுவும் அந்த அடையாள அட்டைப் போட்டோ, கண்ணு பாதி மூடியிருக்கும். தெருவுல முகத்தைக் காட்ட முடியாது. முப்பது வீட்டுக்காரங்களையும் காட்டிக் குடுத்தவன்னு வேற பேசுவாங்க. எங்க வீட்டுக்காரர் என்ன சொல்வாரு? மத்தியானம் தூங்கி எந்திரிச்சு அஞ்சு மணிக்கு டியூஷன் எடுக்கற மனுஷன், சண்டை போடவே தெரியாது, பேசாம இருந்துருவாரு, அதைத்தான் என்னால தாங்க முடியாது. நாங்க குடிக்கறது கேன் தண்ணி. அதையும் சொல்லிட்டுப் போயிடறேன். தண்ணி ஆபீஸ்ல வேலை பாக்கறவ வீட்டுல இருபது லிட்டர் கேன். என் புள்ளைக்குப் பல் தேய்க்கறதுக்குக்கூட அதான் குடுத்துப் பழக்கம். மோட்டார் போட்டு எடுக்கற தண்ணி குளிக்க, துவைக்க, கழுவ. அழுக்கு இருந்தாலும் எங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு எனக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கு, அதனாலதான் காலையில ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டே அவ்வளவு சுலபமா பதில் சொல்ல முடிஞ்சுது. ஏன் இவ்வளவு நேரமாகுது. நின்னுருச்சா? இல்ல, ஓடுது. இது முடியாமலே இருந்தாத் தேவலைன்னும் இருக்கு, சீக்கிரம் முடிஞ்சுத் தொலைஞ்சாத் தேவலைன்னும் இருக்கு.

முடிஞ்சுது. நான் பாக்கல. மேசை விளிம்பைப் புடிச்சுக்கிட்டு முதல்ல மணியைத்தான் பாத்தேன், மூணு இருபத்தாறு. அப்புறம் பாத்தேன். செவ்வாய்க்கிழமை நாலு மணி மூணு நிமிஷத்துல பாலத்துக்கிட்ட அழுத்தம் பூஜ்யத்துக்குக் கீழ போகுது. அங்கேருந்து செவப்பு கிளம்புது, ரெண்டு பக்கமும். ஒண்ணு இறக்கத்துல போய் பட்டறைத் தெரு, தெப்பக்குளத் தெரு, பள்ளிவாசல் சந்து, மேட்டுத் தெரு. அந்த நாலும் அப்படியே இருக்கு. இன்னொண்ணு மேல ஏறி எங்க தெருவுக்குள்ள வருது. ஏறக் கூடாது, மேடு அது, ஏறாது. இழுத்தா ஏறும். முப்பத்தொரு மோட்டார் இழுத்தா ஏறும். எங்க தெரு, அடுத்த ஆறு சந்து, அதுல ஒண்ணுல பால்வாடி. மொத்தம் பதினொரு தெரு. இந்தப் பக்கம் மோட்டார் வச்சவங்க எங்கள மாதிரி கேன் தண்ணிதான் குடிக்கறாங்க, அதான் தன்ஷிகாவைத் தவிர இன்னும் யாரும் படுக்கல. நான் கத்தினேனோ என்னவோ, வராந்தாவுல போன ஒரு ஆளு எட்டிப் பாத்துட்டுப் போனாரு. அழிச்சிரலாம். இதை மூடிட்டு காலையில ஓட்டினதையே திறந்து வச்சுக்கிட்டு நாலு தெருன்னு சொல்லிரலாம், யாருக்குத் தெரியும். இந்த நினைப்பு வந்துச்சு, வரலைன்னு பொய் சொல்ல மாட்டேன், ஒரு முழு நிமிஷம் அதைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். நாலு மணிக்கு அந்தச் சாவி சுத்தும், உய்ய்ங்குன்னு சத்தம் வரும், மறுபடி சாக்கடை உள்ள வரும், பால்வாடியில முப்பது குழந்தைங்க. போனை எடுத்துட்டேன். எடுத்தது நான்தானான்னு இப்பவும் சந்தேகமா இருக்கு.

"சார், பதினொரு தெரு சார். அந்தப் பதினொண்ணுல எதையும் திறக்க வேண்டாம்." "என்னம்மா, காலையில நாலு தெருன்னீங்க?" "மாடல்ல மோட்டார் சேக்கல சார். இப்பச் சேத்தேன்." "எந்த மோட்டார்? நம்ம ஊர்லதான் பூஜ்யமாச்சே." "சுண்ணாம்புக்காரத் தெருவுல மட்டும் முப்பத்தொண்ணு சார்." பேப்பர் புரட்டற சத்தம். "மார்ச்ல பூஜ்யம்னு கையெழுத்துப் போட்டது யாரும்மா?" "நான்தான் சார்." "இப்ப முப்பத்தொண்ணுங்கறது?" "நானேதான் சார்." "ரெண்டுல எது பொய்?" "மார்ச் சார். எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு சார்." அவரு திட்டல. திட்டியிருந்தாக் கூட நல்லாருந்திருக்கும். "வால்வை நிறுத்தச் சொல்லுங்க. பதினொண்ணுக்கும் மைக் போகட்டும். உங்களை நாளைக்குப் பாக்கறேன்," ன்னுட்டு வச்சுட்டாரு. சந்தியாகு அண்ணனுக்குப் போட்டேன். "அண்ணே, திறக்காதீங்க." "சரிங்க மேடம்," னாரு, அவ்வளவுதான், வேற ஒரு வார்த்தை கேக்கல. மூணு முப்பத்தாறு. நாளைக்கு என்ன ஆகுமோ ஆகட்டும், தண்ணி நின்னுருச்சு. நெஞ்சுலேருந்து என்னமோ இறங்கின மாதிரி இருந்துச்சு. அழுகை வந்துச்சு, துப்பட்டாவால மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டேன்.

எங்க தெருவைப் பெருசாக்கிப் பாத்தேன். எதுக்குப் பாத்தேன்? தன்ஷிகா வீட்டுக்குச் செவப்பு எத்தனை மணிக்கு வந்துச்சுன்னு தெரிஞ்சா டாக்டருக்குச் சொல்லலாம்னு. எங்க வீடு, நாலு பதினேழுக்குச் செவப்பு. பக்கத்து வீடு, நாலு பத்தொம்பது. எதிர்வீடு, வீரபாகு பேருல இருக்கிற இணைப்பு, சாம்பல் கலர். செவப்பும் இல்ல, நீலமும் இல்ல. சாம்பல்னா தண்ணியே போகலைன்னு அர்த்தம். கட்டைவிரல் போடாத ஏழு வீட்டுல அவங்க வீடும் ஒண்ணு, மோட்டார் இல்ல, சுத்தி எல்லாரும் உறிஞ்சறதுல அவங்க குழாய்க்கு ஒரு சொட்டு கூட வரல. அழுக்கு போகவே இல்ல. அப்பாடா! அந்த வீட்டுக்கு அழுக்கு போகவே இல்ல. அப்ப ஐஸ்தான். நான் காலையில சொன்னது சரிதான், வாய்க்கு வந்ததைச் சொன்னேன், ஆனா சரியாத்தான் சொல்லியிருக்கேன். சிரிப்புக் கூட வந்துருச்சு எனக்கு, சத்தியமா. தண்ணியே வராத வீட்டுல தண்ணியால எப்படி நோவு வரும். தண்ணியே வராத வீட்டுல. அப்ப அவங்க என்ன குடிக்கறாங்க? அந்தக் கேள்வி ரொம்ப மெதுவாத்தான் வந்துச்சு. அவங்க கேன் வாங்கறதில்ல. லாரி எங்க தெருவுக்கு வர்றதில்ல. ரெண்டு குடம். ஐயோ. ரெண்டு குடம். ரெண்டு வருஷமா தினமும் சாயங்காலம் செங்கமலம் எங்க வீட்டுத் தொட்டியிலேருந்துதான் ரெண்டு குடம் எடுத்துக்கிட்டுப் போறா. தினமும் நடக்கறதால நினைப்புலயே இல்ல. செவ்வாய்க்கிழமை அவளுக்கு இடுப்புப் புடிப்புன்னு நானே குடத்தை முக்கி, நானே நிறைச்சு, நானே தூக்கிக் கொண்டு போய் அவங்க அடுப்படியில வச்சேன். புண்ணியம் பண்றேன்னு நினைச்சுக்கிட்டு. தன்ஷிகா வாசல்லயே டம்ளரோட நின்னா, ஆன்ட்டி எனக்கு ஒரு வாய்னா. குடத்தைச் சாய்ச்சு ஊத்தினது நான். கம்ப்யூட்டர்ல அந்த வீட்டுக்குப் போற கோடு எதுவும் செவப்பாகல, ஏன்னா நான் நடந்து போன வழி அதுல இல்ல.

வீட்டுக்குப் போன் போட்டேன், மூணாவது தடவைதான் எடுத்தாங்க. எங்க வீட்டுக்காரர் தூக்கக் குரல்ல, "சொல்லு," ன்னாரு. "எதிர்வீட்டுக்குத் தண்ணி குடுத்தீங்களா?" "ஆமா, வீரபாகு வந்தான். செங்கமலம் ஆஸ்பத்திரியில, கைக்குழந்தைய வச்சுக்கிட்டு ஒத்தையாளா நிக்கறான், பாவம். ரெண்டு குடம் குடுத்தேன்." "எப்ப?" "ஒரு மணி இருக்கும். ஏன்?" "ஓடுங்க. போனோட ஓடுங்க. அந்தத் தண்ணியக் கொட்டச் சொல்லுங்க. அதுல சாக்கடை கலந்திருக்கு." "நம்ம தொட்டியிலயா?" "நம்ம மோட்டார்தாங்க இழுத்துச்சு. ஓடுங்கங்கறேன்ல!" செருப்புச் சத்தம், கேட் சத்தம், மூச்சு. அப்புறம் அவரு குரல், யாருகிட்டயோ ரொம்ப மரியாதையா, "ஒண்ணுமில்ல வீரபாகு, தொட்டி கழுவி ரொம்ப நாளாச்சு, தண்ணி கொஞ்சம் கலங்கலா இருக்கும் போல." பொய். நான் காலையில சொன்ன மாதிரியே அவரும் பொய் சொல்றாரு, என்னைக் காப்பாத்தறாராம். "போனை அவன்கிட்ட குடுங்க!" ன்னு நான் போட்ட சத்தத்துல வராந்தாவுல ரெண்டு பேரு நின்னுட்டாங்க. "வணக்கம் மேடம்," னு வீரபாகு. "வீரபாகு, பையனுக்கு என்ன குடுத்தீங்க?" "கஞ்சி மேடம். அரிசிக் கஞ்சி." "கொதிக்க வச்சீங்கல்ல?" "நல்லாக் கொதிக்க வச்சேன் மேடம். எல்லாத்தையும் கொதிக்க வச்சே குடுன்னு செங்கமலம் சொல்லிட்டுத்தான் போச்சு." சாமி, சாமி, கொதிச்சிருக்கு, ஒண்ணும் ஆகாது, கொதிச்ச தண்ணியில ஒண்ணும் இருக்காது. அவன் பேசிக்கிட்டே இருந்தான். "பய பசி தாங்காம ஒரே கத்து. கஞ்சி வாயில வைக்க முடியாத சூடு. அதான் குடத்துலேருந்து ஒரு டம்ளர் பச்சத் தண்ணி ஊத்தி ஆத்திக் குடுத்தேன். மொத்தமும் குடிச்சுட்டான். பயப்படாதீங்க மேடம், உங்க வீட்டுத் தண்ணிதான்." நான் எந்திரிச்சு நின்னுட்டேன்னு நாற்காலி விழுந்த சத்தத்துலதான் தெரிஞ்சுது. "அந்தத் தண்ணிதான் வீரபாகு. தன்ஷிகாவுக்கும் அதுதான், நான்தான் குடுத்தேன். ஐஸ் இல்ல. பையனைத் தூக்கிக்கிட்டு இவரு வண்டியில இப்பவே ஏறுங்க, டாக்டர்கிட்ட தண்ணின்னு சொல்லுங்க, அரசி வீட்டுத் தண்ணின்னு சொல்லுங்க." அவன் தோள்ல கிடந்த பையன் ஏப்பம் விடற சத்தம் மட்டும் போன்ல கேட்டுது.